ஒரு நாற்காலிக்கு ஒரு குழாய் ரத்தம்

அந்த ஆஸ்பத்திரியில் உட்கார இடத்துக்குக் குறைவே இல்லை. வாசலில் வரிசையாக இரும்பு நாற்காலிகள், டாக்டர்களுக்குச் சுழல் நாற்காலிகள், நடக்க முடியாதவர்களுக்குச் சக்கர நாற்காலிகள். ஆனால் லிஃப்ட் வந்து நிற்கும் கடைசித் தளத்துக்கும் கீழே, படி வழியாக மட்டுமே இறங்க முடிகிற சலவைப் பிரிவில், நாள் முழுக்கப் பெண்கள் நின்றுகொண்டே வேலை பார்க்கும் அந்த நீளக் கூடத்தில், நாற்காலி என்று ஒன்றே ஒன்றுதான். அது தையலறையில், கிழிந்த விரிப்புகளுக்கு ஒட்டுப் போடுகிற மெஷினுக்கு முன்னால் கிடந்தது. அதில் முதுகைச் சாய்க்கலாம். மெஷின் நிற்கும்போது காலையும் நீட்டிக்கொள்ளலாம்.

அந்த நாற்காலி மேல் அங்கே எல்லாருக்கும் ஒரு கண். மூத்தவளுக்கு இரண்டு கண்ணும்.

மூத்தவள் என்றால் வீட்டு மூத்த மருமகள். வேலை செய்கிற இடத்தில் எல்லாருக்கும் ‘அக்கா’. ஐம்பதைத் தொட்டுவிட்ட வயசு, அகன்ற தோள், பேச்சு கொஞ்சம். தண்ணீர் மோட்டார் ரிப்பேர் பார்க்கும் கணவனின் வருமானம் ஒரு மாதம் பொங்கி மறுமாதம் வற்றிவிடுகிற காலத்தில் இந்த வேலைக்கு வந்தவள். ஒரே மகள் கல்யாணமாகித் தூரத்தில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாள். மூத்தவளிடம் விசித்திரமான பழக்கம் ஒன்று உண்டு. பஸ்ஸில் இடம் காலியாக இருந்தாலும் உட்கார மாட்டாள். “உக்காந்தா தூங்கிடுவேன், தூங்கினா ஸ்டாப்பு போயிடும்” என்பாள். இரண்டு முறை கடைசி நிறுத்தம் வரை போய்க் கண்டக்டர் எழுப்பி இறக்கிவிட்ட அனுபவம்.

அவளுக்கு அசதி இருந்தது என்னவோ உண்மை. ஆனால் சலவைப் பிரிவில் அசதியை யாரும் நோய் என்று நினைப்பதில்லை. அது சீருடை மாதிரி. காலையில் வந்ததும் எல்லாரும் மாட்டிக்கொள்வார்கள். இவளுடையது மட்டும் வீட்டுக்குப் போனாலும் கழலாமல் இருந்தது.

அவளுடைய இடம் பிரிக்கும் மேசை. வார்டுகளிலிருந்து அழுக்குத் துணி மூட்டைகள் சுவரில் உள்ள சரிவுக் குழாய் வழியாகத் தொப் தொப்பென்று வந்து விழும். முடிச்சை அவிழ்த்து, உதறி, ரத்தக் கறை ஒரு தள்ளுவண்டியில், பச்சை ஆபரேஷன் துணி ஒன்றில், போர்வை ஒன்றில் என்று பிரித்துப் போட வேண்டும். உதறும்போது என்னென்னவோ விழும். ஸ்பூன், செருப்பு, மூக்குக் கண்ணாடி, ஒருமுறை முழுப் பல்செட்டே விழுந்து மேசையில் சிரித்தது. அதோடு ஊசியும். மேலே அவசரத்தில் யாரோ படுக்கையிலேயே விட்டுப்போன ஊசி, விரிப்போடு சுருண்டு கீழே வரும்.

தடிமனான கையுறை இருக்கத்தான் செய்தது. அதைப் போட்டால் முடிச்சு அவிழாது, வேலை பாதியாகிவிடும். அதனால் மெல்லிசு ரப்பர் உறைதான். ஊசி குத்தினால் என்ன செய்ய வேண்டும் என்று சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தார்கள்: உடனே சொல்ல வேண்டும். சொன்னால் என்ன நடக்கும் என்பது அதில் எழுதப்படவில்லை; அது அனுபவத்தில் எல்லாருக்கும் தெரியும். அந்த மூட்டையை அப்படியே நிறுத்தி வைப்பார்கள். மெஷின்கள் நிற்கும். தொற்றுத் தடுப்புப் பிரிவிலிருந்து ஒருவர் இறங்கி வந்து கேள்வி மேல் கேள்வி கேட்டு முடிக்கும் வரை யாரும் நகரக் கூடாது. அதற்குள் ஊழியர் வேன் போய்விடும். ஒருத்தி விரலில் ஒரு சொட்டு ரத்தத்துக்காக அத்தனை பேரும் பஸ்ஸுக்கு நிற்பதா? இது அங்கே ஒரு மரியாதைக் குறைவாகவே கருதப்பட்டது. அதனால் குத்துப்பட்டவள் உறையைக் கழற்றி, விரலைப் பிதுக்கி, குழாயில் கழுவி, புது உறை மாட்டிக்கொண்டு வேலையைத் தொடர்வாள். பக்கத்தில் இருப்பவள் கேட்டால் “எறும்பு” என்பாள். அந்த மேசையில் ஊசிக்குப் பெயரே அதுதான். “இன்னிக்கு எறும்பு கொஞ்சம் ஜாஸ்தி” என்றால் எல்லாருக்கும் புரியும்.

புது சூப்பர்வைசர் வந்தபின் இது கெட்டது. இளைஞன், தொட்டதற்கெல்லாம் விதியைச் சொல்கிறவன். வந்த வாரமே ‘ரூல்ஸ்’ என்று பெயர் விழுந்துவிட்டது. ஒருநாள் வேலை முடிகிற நேரத்தில் மூத்தவள் ஒரு போர்வையை உதறினாள். ஊசி அவள் ஆள்காட்டி விரலில் ஏறி, பச்சைப் பிளாஸ்டிக் அடிப்பாகத்தோடு விழாமல் அப்படியே தொங்கிக்கொண்டு நின்றது. ரூல்ஸ் இரண்டடி தள்ளி நின்றிருந்தான்.

“எறும்பு சார், ஒண்ணுமில்ல” என்றாள் எதிரே நின்றவள், பழக்க தோஷத்தில்.

“எறும்புக்கு எப்பலேருந்து பச்சைக் கலர்ல வாலு?” என்று ரூல்ஸ் கேட்டுவிட்டுச் சுவரில் இருந்த சிவப்புப் பொத்தானை அழுத்தினான்.

மெஷின்கள் ஒவ்வொன்றாக அடங்கின. அந்தக் கூடத்தில் அப்படி ஒரு அமைதியை மூத்தவள் கேட்டதே இல்லை. அதைக் கலைத்தது எதிரே நின்றவளின் குரல்தான்.

“போச்சு. வேன் போச்சு. அக்கா, உனக்கு வேற நேரமே கெடைக்கலையா?”

எதிரே நின்றவள் யாரென்றால், மூத்தவளின் ஓரகத்தி. கொழுந்தன் மனைவி, வீட்டில் இளையவள். ஒரே வீட்டில் மூத்தவள் கீழே, இளையவள் மாடியில். ஒரே மேசையில் இவள் இந்தப் பக்கம், அவள் அந்தப் பக்கம். இவளை இந்த வேலையில் சேர்த்துவிட்டதே மூத்தவள்தான். காலையில் பார்த்த முகத்தையே மாலை வரை பார்த்துக்கொண்டிருப்பதால் இருவரும் ஒருவரை ஒருவர் பார்ப்பதை எப்போதோ விட்டிருந்தார்கள். இளையவளுக்கு வாய் நீளம். கை அதைவிட நேர்த்தி. அக்கம்பக்கத்துத் துணியெல்லாம் அவள்தான் தைத்துக் கொடுப்பாள். தையலறையில் இருந்த அம்மாள் ஓய்வு பெற்றதும் அந்த நாற்காலி இவளுக்குத்தான் என்று எப்போதோ முடிவாகியிருந்தது.

மூத்தவளை மேலே லேபுக்கு அனுப்பினார்கள். ரத்தம் எடுக்கும் பெண், பேசிக்கொண்டே குத்தி, குத்தியது தெரிவதற்குள் பஞ்சை வைத்து அழுத்துகிற ரகம்.

“இன்னிக்குக் குத்தின ஊசி இன்னிக்கே தெரிஞ்சிடுமாம்மா?”

“எப்படித் தெரியும்? அதுக்கு வாரக்கணக்கு ஆகும். இது அதுக்கில்லக்கா. ஊசி குத்துறதுக்கு முன்னாடி உங்க ரத்தம் எப்படி இருந்துச்சுன்னு தெரியணும்ல? நாளைக்கு ஏதாவது வந்தா, முன்னாடியே இருந்ததா இப்ப வந்ததான்னு பேச்சு வரும். அதுக்குத்தான்.”

மூத்தவளுக்கு அது நல்ல ஏற்பாடாகப் பட்டது. ஆஸ்பத்திரி தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. சரி, எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள். பஞ்சைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள். அன்றும் நின்றுகொண்டுதான்.

சில நாள் கழித்து டாக்டர் கூப்பிட்டு அனுப்பினார். நடுத்தர வயசுப் பெண். மேசை ஓரத்தில் டீ ஏடு கட்டிக் கிடந்தது. அவரும் அசந்துபோனவர்தான், உட்கார்ந்துகொண்டு அசந்திருக்கிறார் என்று மூத்தவள் நினைத்துக்கொண்டாள்.

“உக்காருங்க. எஸ்.ஜி.பி.டி.ன்னு ஒண்ணு பாத்தோம். நாப்பதுக்குள்ள இருக்கணும். உங்களுக்கு நூத்தி முப்பது.”

“அது என்னது டாக்டர், சர்க்கரையா?”

“இல்ல, ஈரல் சம்பந்தப்பட்டது. ஈரல் செல்லுக்குள்ள இருந்து வேலை செய்யிற ஒரு பொருள். செல்லு உடைஞ்சா வெளிய கசிஞ்சு ரத்தத்துல கலந்துடும். ரத்தத்துல அது கூடுதலா இருந்தா, உள்ள ஏதோ உடையுதுன்னு அர்த்தம்.”

மூத்தவள் யோசித்தாள். “மெஷின்ல அலசுற தண்ணி கலர்ல வந்தா, உள்ள ஏதோ ஒரு துணி சாயம் போகுதுன்னு தெரியும். அந்த மாதிரியா?”

“அதே மாதிரிதான். ஆனா ஏன் சாயம் போகுதுன்னு தண்ணி சொல்லாது பாருங்க. குடியா இருக்கலாம், கொழுப்பா இருக்கலாம், கண்ட மாத்திரையா இருக்கலாம், வைரஸா இருக்கலாம். அதனால வேற டெஸ்ட்டும் போட்டோம்.” டாக்டர் காகிதத்தைத் திருப்பினார். “ஹெபடைடிஸ் சி. ஈரல்ல தங்குற வைரஸ். இருக்கு.”

“அந்தப் பச்சை ஊசியா?”

“அது குத்தின அன்னிக்கே எடுத்த ரத்தம்மா இது. ஒரு நாள்ல இப்படி ஆகாது. இது பழசு. வருஷக்கணக்கா உள்ள இருந்திருக்கும். முன்னாடி எப்பவாவது குத்தியிருக்கா?”

மூத்தவள் தன் கைகளைப் பார்த்தாள். பிளீச் பட்டு வெளுத்த பத்து விரல்கள். எந்த விரல், எந்த எறும்பு என்று எதைச் சொல்வது?

“கணக்கு வெச்சதில்ல டாக்டர்.”

“எங்கயும் சொல்லலையா?”

“வேன் போயிடும்.”

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு டாக்டர் நிதானமாக எல்லாம் சொன்னார். இது எங்கே வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அந்த மேசை நல்ல மேசை இல்லை. அப்போதே எடுத்துப் பார்த்த ஸ்கேனில் ஈரலில் கொஞ்சம் தழும்பு விழ ஆரம்பித்திருக்கிறது; இன்னும் கை மீறவில்லை. மூன்று மாதம் விடாமல் மாத்திரை போட்டால் பெரும்பாலும் வைரஸ் முழுசாகப் போய்விடும். தட்டு, டம்ளர், பக்கத்தில் படுப்பது, இதனாலெல்லாம் பரவாது. ரத்தம் படுகிற பிளேடு, பிரஷ் மட்டும் தனியாக இருக்கட்டும்.

“வருஷா வருஷம் எங்களுக்கு டெஸ்ட் எடுக்கறாங்களே டாக்டர். முந்தின வருஷம் நார்மல்னாங்க. போன வருஷம் கொஞ்சம் கூட இருக்கு, எண்ணெயைக் குறைங்கன்னாங்க. குறைச்சேன்.”

“அதுல இந்த ஈரல் நம்பர் மட்டும்தான் பாக்கறாங்க. இந்த வைரஸ் இருக்கும்போதே அந்த நம்பர் ஏறும், இறங்கும், நார்மல்லயே கூடக் கிடக்கும். நார்மல்னு வந்துட்டா வைரஸ் இல்லைன்னு ஆகாது. அதைத் தனியாத்தான் தேடணும்.” டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “உங்க மேசையில நிக்கிறவங்க எல்லாரும் பாத்துக்கணும். லேப்ல சொல்லி வெக்கிறேன். வரச் சொல்லுங்க. கட்டாயப்படுத்த எனக்கு அதிகாரம் இல்ல, அவங்களா வரணும்.”

எல்லாரும் என்றதும் மூத்தவளின் மனதில் வந்து நின்றது ஒரே முகம்தான். நாள் முழுக்க எதிரே நிற்கிற முகம். தன்னைவிடப் பதினைந்து வயது சின்னவள். இப்போதே பார்த்தால் தழும்பு விழுவதற்கு முன்பே பிடித்துவிடலாம்.

வீட்டில் கணவன் விஷயத்தைக் கேட்டதும் முதலில் சொன்னது, “குடிக்காமயே ஈரல் கெட்டுப்போச்சா? குடிச்சிருந்தாலாவது ஒரு நியாயம் இருக்கு” என்றுதான். அவருக்கு வருத்தம் வந்தால் பேச்சு இப்படித்தான் கோணும். அன்று தன் டம்ளரைத் தனியாக எடுத்து அலமாரியின் மேல்தட்டில் வைத்தார். மூத்தவள் பார்த்தாள், டம்ளரால் வராது என்று ஒரு தரம் சொன்னாள், அதற்கு மேல் சொல்லத் தெம்பில்லை. மறுநாள் காலை டம்ளர் பழைய இடத்துக்கே வந்திருந்தது. அவருடைய சவர பிளேடு மட்டும் காணோம்.

“எங்க வெச்சீங்க?”

“ஒளிச்சு வெச்சேன். எங்கன்னு எனக்கே ஞாபகம் இல்ல.” இரண்டு நாள் தாடியோடுதான் வேலைக்குப் போனார்.

இளையவளிடம் சொல்வதுதான் பாக்கி. மேசையில் மூட்டை பிரிக்கும்போது சொன்னாள்.

“நீயும் ஒரு நடை போய்ப் பாத்துடுடி.”

“எனக்கெதுக்கு? போன வருஷம்தான எடுத்தாங்க. எனக்கு அந்த ஈரல் நம்பர் இருபத்தெட்டு. நார்மல்.” இளையவள் ஒரு விரிப்பைப் படாரென்று உதறினாள். “என் ஈரல் கருங்கல்லு. உனக்குத்தான் நான் பாத்த நாள்லேருந்தே எல்லாம் சொத்தை. பல்லு சொத்தை, கண்ணு சொத்தை, இப்ப ஈரல்.”

அக்காவுக்கு இப்படி ஆகிவிட்டதே என்று அவளுக்கும் உள்ளே பதறியது. பதறினால் அவள் இப்படித்தான் பேசுவாள். இன்னும் இரண்டு நாள் சொல்லியிருந்தால் கேட்டிருப்பாள். அதற்குள் ரூல்ஸ் நடுவில் புகுந்தான்.

அவன் செய்தது நல்ல எண்ணத்தில்தான். சிகிச்சையில் இருப்பவருக்கு இலகுவான வேலை தர வேண்டும் என்று விதி இருந்தது. சலவைப் பிரிவில் இலகுவான வேலை ஒன்றே ஒன்றுதான். தையலறை அம்மாள் மாலை போட்டு விடைபெற்ற மறுநாள், நாற்காலி மூத்தவளுக்கு என்று அறிவித்துவிட்டான்.

அன்றிலிருந்து இளையவள் பேச்சை நிறுத்தினாள். வீட்டிலும்தான். மாடியிலிருந்து தகவல்கள் இப்போது கொழுந்தன் வழியாகக் கணவனுக்கு வந்து, கணவன் வழியாக மூத்தவளுக்கு வந்தன. “தண்ணி மோட்டார் போடணுமாம்னு தம்பி சொல்றான், அவன்கிட்ட அவ சொன்னாளாம்” என்று கணவன் மூச்சு வாங்கச் சொல்வார். “நான் என்ன தபால்காரனா?” என்பார் அதற்குப் பிறகு.

மூத்தவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். எத்தனை வருஷத்து ஆசை! முதல் நாள் முதுகைச் சாய்த்ததும் தூங்கிப்போனாள். ரூல்ஸ் வந்து இருமினான். மெஷினோ அவளோடு ஒத்துழைக்கவில்லை. நேராகப் போக வேண்டிய தையல் பாம்பு போல் போனது. ஒரு தலையணை உறையை நாலு பக்கமும் அடைத்துத் தைத்து மேலே அனுப்பிவிட்டாள். வார்டு நர்ஸ் போன் செய்து, “தலையணையை எந்த வழியா உள்ள விடறதுன்னு கேட்டுச் சொல்லுங்க” என்றார்.

அதைவிடப் பெரிய தொல்லை, கதவு. தையலறைக் கதவுக் கண்ணாடி வழியாகப் பிரிக்கும் மேசை தெரியும். இளையவள் மூட்டை மூட்டையாக அவிழ்ப்பதும் உதறுவதும் தெரியும். ஒருநாள் அவள் சட்டென்று கையை உதறி, குழாய்ப் பக்கம் போய், விரலைப் பிதுக்கிக்கொண்டு நின்றாள். பிறகு புது உறையை மாட்டிக்கொண்டு திரும்பி வந்தாள். யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. மூத்தவள் தைத்துக்கொண்டிருந்த விரிப்பு மெஷினில் சிக்கி நின்றது.

சாப்பாட்டு நேரத்தில் இளையவளைத் தையலறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

“என்ன, நாற்காலியக் காட்டவா கூப்ட்ட?” பல நாளைக்குப் பிறகு நேராக வந்த முதல் பேச்சு.

“இப்ப என்ன குத்துச்சு உன்னை?”

“எறும்பு.”

“மேல போய் ரத்தம் குடுத்துட்டு வா.”

“எனக்கு நார்மல்னு சொன்னேனே! எத்தனை தடவ சொல்றது? ஒனக்கு வந்துடுச்சுன்னு எனக்கும் வரணும்னு ஆசையா?”

“எனக்கும் முதல்ல நார்மல்னுதான் வந்துச்சு. அப்பவே இது உள்ளதான் இருந்துருக்கு.” மூத்தவளுக்கு நின்றபடி பேச மூச்சு வாங்கியது. “சொல்றதக் கேளு. அந்தக் கருநீலப் போர்வை வந்துச்சே, ஞாபகம் இருக்கா? முதல் அலசல்ல தண்ணி தெளிவா வந்துச்சு. சாயம் போகாதுன்னு நம்பி ரெண்டாந்தரம் வெள்ளையோட போட்டோம். அத்தனை வெள்ளையும் நீலமாச்சு. அன்னிக்குத் தெளிவா வந்த தண்ணிய நம்பினது யாரு?”

“நீதான்.”

“நீயும்தான்டி!”

“சரி, ரெண்டு பேரும். அதுக்கு?”

“உன் இருபத்தெட்டு அந்த முதல் அலசல் தண்ணி. அவ்வளவுதான். போர்வை என்ன போர்வைன்னு அது சொல்லல.”

இளையவள் நாற்காலியைப் பார்த்தாள். அவள் கண் அதன் முதுகு, கை, கால் எல்லாவற்றையும் தடவியது. மூத்தவள் அதைக் கவனித்தாள்.

“இந்த நாற்காலிதான உனக்கு? எடுத்துக்க. நீ ரத்தம் குடுத்துட்டு வந்த அன்னிக்கே நான் மேசைக்குப் போயிடறேன்.”

“பேரம் பேசறியா?”

“ஆமா. ஒரு குழாய் ரத்தம். ஒரு நாற்காலி.”

“உனக்கு உடம்பு முடியாதுன்னுதான குடுத்தாங்க? இப்ப மட்டும் முடியுமாக்கும்.”

“முடியாது. இருந்தாலும் நிப்பேன்.”

“பெரிய தியாகி” என்றாள் இளையவள். கதவைத் திறந்துகொண்டு போனாள். படியில் காலடி மேலே போகிறதா, மேசைக்குப் போகிறதா என்று மூத்தவள் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மெஷின் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. சற்றுப் பொறுத்து ஒரு கை கதவைத் தள்ளியது. முழங்கை மடிப்பில் பஞ்சு.

“எந்திரி” என்றாள் இளையவள்.

ரூல்ஸ் சும்மா விடவில்லை. “இது என்ன பஸ் சீட்டா, கைக்குட்டை போட்டுப் பிடிக்க? சிகிச்சையில இருக்கறவங்களுக்கு இலகு வேலைன்னு விதி இருக்கு” என்று குதித்தான். மூத்தவள், வார்டிலிருந்து திரும்பி வந்திருந்த, அடைத்துத் தைத்த தலையணை உறையை அவன் கையில் கொடுத்தாள். அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். நோயாளிக்கு உண்டான விதி பெரிசா, தலையணைக்கு உண்டான விதி பெரிசா என்று அவனுக்குள் ஏதோ நடந்திருக்க வேண்டும். தடிமனான கையுறை போட்டுக்கொண்டு, மெதுவாக, ரத்தக் கறை மூட்டைகளைத் தொடாமல் நிற்பதென்றால் சரி என்றான்.

மூத்தவள் மேசைக்குத் திரும்பினாள். பாதங்கள் ஒரு மணி நேரத்திலேயே தம் பழைய வலியைக் கண்டுபிடித்துக்கொண்டன. மாத்திரை ஆரம்பித்திருந்தது, லேசாகத் தலைவலித்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இளையவளின் தையல் ஒரு கோடு போல ஓடியது. எட்டிப் பார்க்கிறாளா என்று இவள் பார்த்தாள். பார்க்கவில்லை.

இளையவளின் காகிதம் வந்த அன்று டாக்டர் இருவரையுமே வரச் சொன்னார். ஓரகத்திகள் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்கள்.

“உங்க எஸ்.ஜி.பி.டி. இப்பவும் நார்மல்தான். முப்பத்தி ஒண்ணு.”

இளையவள் வெற்றியோடு மூத்தவள் பக்கம் திரும்பினாள். டாக்டர் அவள் திரும்பி முடிக்கும் வரை காத்திருந்தார்.

“ஆனா வைரஸ் இருக்கும்மா. தனியாத் தேடினதுல கிடைச்சிருக்கு.”

இளையவளின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. வாய் மட்டும் பழைய வேகத்தில் இருந்தது.

“இவளாலதான் டாக்டர். இவ போகச் சொல்லாம இருந்திருந்தா எனக்கு ஒண்ணுமே இருந்திருக்காது.”

“இருந்திருக்கும். தெரிஞ்சிருக்காது” என்றார் டாக்டர். “உங்களுக்குத் தழும்பு எதுவும் இல்ல. நல்ல நேரத்துல வந்திருக்கீங்க. அசதி இருக்கா?”

“எனக்கென்ன அசதி? நல்லாத்தான் இருக்கேன்.”

“மாடிப்படி ஏறினா?”

இளையவள் விரலை நெட்டி முறித்தாள். “படின்னா எல்லாருக்கும்தான் இருக்கும். நான் நடுப்படியில கொஞ்சம் உக்காந்துட்டு ஏறுவேன். ரெண்டு வருஷமா அப்படித்தான். அதெல்லாம் ஒரு விஷயமா?”

மூத்தவள் அவளைப் பார்த்தாள். இரண்டு வருஷமாகத் தினமும் மாலையில் அந்தக் காலடி தன் ஜன்னலுக்கு மேலே நின்றுபோவதைக் கேட்டிருக்கிறாள். ஒட்டுக்கேட்கிறாள் என்று நினைத்து, அந்த நேரத்தில் கணவனிடம் வேண்டுமென்றே இளையவளைப் பற்றி நாலு வார்த்தை உரக்கச் சொல்லியும் இருக்கிறாள்.

“சொல்லியிருக்கலாம்லடி” என்றாள்.

“உன்கிட்டயா? எனக்கும் சொத்தைன்னு நீ ஊர் பூராச் சொல்லவா?”

படியிறங்கும்போது முதல் திருப்பத்தில் மூத்தவளே நின்றாள். படியில் உட்கார்ந்தாள். இளையவள் ஒரு படி கீழே உட்கார்ந்தாள். மேலும் கீழுமாக வெள்ளைக் கோட்டுகள் அவர்களைத் தாண்டிப் போயின. இளையவள் கண்ணைத் துடைத்துக்கொண்டதை மூத்தவள் பார்க்காத மாதிரி இருந்துவிட்டாள். பிறகு கைப்பிடியைப் பிடித்து எழுந்தார்கள்.

மூத்தவள் மேசையில் இருந்த மற்றப் பெண்களிடம் முன்பே சொல்லிப் பார்த்திருந்தாள். எல்லாரும் தலையை ஆட்டினார்கள், ஒருத்தியும் போகவில்லை. எல்லாருக்கும் நார்மல். மேசையின் கோடியில் நிற்பவள், எதையும் ஊருக்கெல்லாம் ஒலிபரப்புவதால் ‘ரேடியோ’ என்று பெயர் வாங்கியவள், தன் நம்பரைக் குழந்தையின் மார்க் போலச் சொல்லிக்கொண்டிருந்தாள்: “எனக்குப் பத்தொம்பது. இங்கயே நான்தான் கம்மி.”

இளையவள் தையலறைக்குப் போகவில்லை. நேரே மேசை முன்னால் போய் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

“எனக்கு முப்பத்தி ஒண்ணு. ஜோரான நார்மல். உள்ள வைரஸ் குடித்தனம் நடத்துதாம். வாடகை கூடக் குடுக்கல.”

யாரும் சிரிக்கவில்லை.

“ரேடியோ, உன் பத்தொம்பதத் தூக்கிக் கொடியில காயப்போடு. நீ என்னைவிட ரெண்டு வருஷம் கூடுதலா இந்த மேசையில நிக்கற. உன்னைக் கடிச்சதெல்லாம் என்ன, ஊமை எறும்பா? கெளம்பு.”

“இப்பவா? துணி கெடக்கே.”

“துணி எங்கயும் ஓடாது. நாளைக்கும் வரும், உன் பேத்தி காலத்துலயும் வரும்.”

“ஊசின்னா எனக்குப் பயம்டி.”

“அடியே! பத்து வருஷமா ஓசியில குத்திக்கிட்ட. இப்ப ஒருத்தி உக்கார வெச்சு, பஞ்சு குடுத்து, மரியாதையாக் குத்துறேங்குறா. அதுக்கு நோகுதா?”

இப்போது ஒருத்தி சிரித்தாள். அந்தச் சிரிப்போடு கையுறையைக் கழற்றினாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி. ரேடியோ கடைசி வரை முனகிக்கொண்டே, இளையவள் முதுகில் கைவைத்துத் தள்ளத் தள்ளப் படியேறினாள். ஒரு வயதானவள் மட்டும் வரமாட்டேன் என்று தூணோடு நின்றாள். அவளிடம் இளையவளின் பாச்சா பலிக்கவில்லை. சற்று நேரம் நின்றிருந்துவிட்டு, அந்த வயதானவளும் டீ குடிக்கப் போய்விட்டாள்.

ரூல்ஸ் ஓடி வந்தான். “என்ன இது, மொத்தமா எங்க போறாங்க?”

“சுவத்துல ஒட்டியிருக்கே சார், சொல்லணும்னு. சொல்லப் போயிருக்காங்க” என்றாள் மூத்தவள்.

அவன் சிவப்புப் பொத்தானைப் பார்த்தான். அதை அழுத்துவதா வேண்டாமா என்பதற்கு விதி எதுவும் அவனுக்கு நினைவு வரவில்லை. யோசித்தபடியே படியேறிப் போனான்.

சரிவுக் குழாயில் ஒரு மூட்டை தொப்பென்று விழுந்தது. அதன் மேல் இன்னொன்று. மேலே வார்டுகளில் யாருக்கும் எதுவும் தெரியாது. அவர்கள் பாட்டுக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். மூத்தவள் அந்தக் குவியலைப் பார்த்தாள். நாலைந்து பேர் வேலை. அவர்கள் திரும்பி வருவதற்குள் குழாய் வாய் வரை வந்துவிடும். வேன் இன்றைக்கும் கிடைக்காது. இடுப்பை ஒரு தரம் பின்னால் வளைத்து நிமிர்ந்துகொண்டாள். தடிமனான கையுறையில் விரல்களை ஒவ்வொன்றாக நுழைத்து, முதல் மூட்டையின் முடிச்சை இழுத்துப் பார்த்தாள். இறுக்கிக் கட்டியிருந்தார்கள். அவசரமில்லாமல் அவிழ்க்கத் தொடங்கினாள்.